ஆறாம் எண்ணுக்குக் கீழே இரண்டு சொல்

பிப்ரவரி 3, செவ்வாய்

டயல்கள் வந்துவிட்டன. முப்பது. அச்சகக்காரர் ஒவ்வொன்றையும் தனித்தனி மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்திருந்தார். முதல் தாளைப் பிரிக்கக் கை கழுவிவிட்டு வந்தேன். அடுத்ததற்குப் பொறுமை இல்லை.

வெள்ளை டயல். மேலே ‘நிதானம்’ என்ற பெயர். ஆறாம் எண்ணுக்குக் கீழே, பொடி எழுத்தில் இரண்டு சொல்: இங்கே செய்தது.

இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷம். பிரஷர் மீட்டர் செய்யும் தொழிற்சாலையில் கைநிறைய வேலை. அதை விட்டுவிட்டு, சாவி கொடுத்தால் ஓடும் கைக்கடிகாரத்தை முழுக்க முழுக்க இங்கேயே செய்கிறேன் என்று கிளம்பிய பைத்தியம் நான். வெளிநாட்டு இயந்திரத்தை வாங்கி உள்ளே வைத்து, மேலே தன் பெயரைப் போட்டுக்கொள்ள ஆட்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கு அது வேண்டாம், அவ்வளவுதான். பல்சக்கரம், திருகு, முடியை விட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் எல்லாம் இந்த வீட்டு மாடியிலும் கீழ்த்தளத்திலும் ஆனவை.

என் வீட்டுக்காரர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “எழுத்து இவ்ளோ சின்னதா இருக்கே. யாரு படிக்கப் போறா?”

“நான் படிப்பேன்,” என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஹேர்ஸ்பிரிங்கை எப்படிச் செய்தாய் என்று நாளைக்கு யாராவது கேட்டால், பல் உலையில் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடிகாரத்துக்குள் ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஆட்டுவிப்பது ஹேர்ஸ்பிரிங். கம்பியைச் சுருட்டிவிடலாம், சுருட்டிய வடிவத்தில் அது நிற்க வேண்டுமே? காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டுச் சூடாக்கினால்தான் நிற்கும். அப்படி ஒரு உலைக்கு நான் எங்கே போவேன் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். இவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர் கீழ்த்தளத்தில் செய்து கொடுப்பார். பீங்கான் பல்லைச் சுடுவதற்கு அவர் வைத்திருக்கும் உலையும் காற்றை உறிஞ்சிவிட்டுத்தான் சூடாக்குகிறது! கல்யாணமான நாளிலிருந்து அதன் மேல் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போது காலையில் பல், மாலையில் ஸ்பிரிங். ஒரு தடவை ஸ்பிரிங்குக்கு வைத்த சூட்டிலேயே பல்லையும் வைத்துவிட்டார். யாரோ ஒரு பெரியவரின் முன்பல் பாழ். முதலிலிருந்து செய்து கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றி சொல்லப் போனால் “சரி சரி, துண்டை எடு” என்பார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நன்றி.

பிப்ரவரி 11, புதன்

கடிகாரத்தை ஓட வைப்பது என் வேலை. சரியாக ஓட வைப்பது என் நாத்தனார் வேலை.

இவருடைய அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர். காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. “சும்மா உக்காந்திருந்தா உன் மாமியார் மாதிரி ஆயிடுவேன்” என்று இரண்டு வருஷம் முன்பு மாடிக்கு ஏறி வந்தார். (என் மாமியார் அவருடைய சொந்த அம்மா என்பதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.) வந்தவர் என்னை விட நன்றாக வேலை கற்றுக்கொண்டுவிட்டார்.

வலது கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும்படி ஊசிமுனையால் சரி செய்வார். பிறகு படுக்க வைத்து, நிற்க வைத்து, தலைகீழாக வைத்து டைமிங் மெஷினில் ஓட்டம் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டு.

“இது படுத்தா ஓடும், நின்னா சோம்பல். நம்ம வீட்டு ஆம்பளை மாதிரி.”

கீழ்த்தளத்திலிருந்து சத்தம் வந்தது: “கேக்குதுக்கா!”

சிரித்துச் சிரித்து ஒரு திருகைத் தொலைத்துவிட்டேன். வேலை செய்யும் இடத்தில் இப்படிச் சிரிக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

தம்பி பெட்டிகளோடு வந்தான். என் கூடப்பிறந்தவன், விற்பது, விளம்பரம் எல்லாம் அவன் பொறுப்பு. கருநீலத் துணி ஒட்டிய அட்டைப்பெட்டி. கொக்கி கிடையாது, பட்டன் கிடையாது, மூடியைக் கிட்டே கொண்டுபோனால் தானாகவே ‘டக்’ என்று மூடிக்கொள்கிறது. ஆளாளுக்குத் திறந்து மூடிப் பார்த்தோம்.

“இந்தச் சத்தத்துக்கே வாங்குவாங்கக்கா,” என்றான்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவர் ஒன்றைக் கீழே எடுத்துக்கொண்டு போய்விட்டார், கேட்காமலே.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெரிய வீதிக் கடிகாரக் கடைக்காரர் ஒருவழியாகப் பதில் சொன்னார். எங்கள் வீட்டில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்று பெயர். எப்போது போனாலும் “அஞ்சு நிமிஷம் உக்காருங்கம்மா” என்பார். நாம் கடையின் எல்லாக் கடிகாரத்தையும் பார்த்து முடித்திருப்போம், அவர் வந்திருக்க மாட்டார். அத்தனை கடிகாரத்துக்கு நடுவே எப்படி ஒரு மனிதருக்கு நேரமே தெரியாமல் போகிறதோ.

ஆனால் நல்ல மனிதர். முன்பக்கக் கண்ணாடி அலமாரி முழுவதையும் எங்களுக்கு விடுகிறாராம். மார்ச் கடைசி சனிக்கிழமை வெளியீடு. ஒரே நிபந்தனை: ஐந்து கடிகாரம் அவர் கடையில் ஒரு வாரம் ஓட வேண்டும். “என் வாடிக்கைக்காரங்க என்னைக் கேப்பாங்க, உங்களை இல்ல,” என்றார். நியாயம்தான்.

மார்ச் 2, திங்கள்

ஐந்தும் பெட்டியோடு கடைக்குப் போயின. மீதி இருபத்தைந்தையும் பெட்டியில் போட்டு அடுக்கி தம்பி படம் எடுத்தான். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிய மாதிரி வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

கடைக்காரர் போன் செய்தார். “அம்மா, ஒரு அஞ்சு நிமிஷம் வந்துட்டுப் போங்க.” போனேன். இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது.

நின்றுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஓடுகின்றன. ஓட்டமாக ஓடுகின்றன. ஒன்று கால் மணி முன்னால், ஒன்று அரை மணி முன்னால், ஒன்றுக்கொன்று ஒற்றுமையும் இல்லை. “நிதானம்னு பேரு வச்சிட்டு இப்படித் தலைதெறிக்க ஓடுதேம்மா,” என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கடையில் இருந்த எல்லாக் கடிகாரமும் என்னைப் பார்க்க நான் அழுதேன்.

அவர் கதவைச் சாத்தவில்லை. “வெளியீட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. சரி பண்ணிக் கொண்டாங்க. ஆனா அன்னிக்குச் சரியா ஓடலைன்னா, என்னால வைக்க முடியாது.”

மார்ச் 10, செவ்வாய்

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். ஸ்பிரிங்கின் வளையங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையானது போல, வேகமாகத்தான் ஓடும். வீட்டில் பெட்டியில் இருந்தவற்றையும் பார்த்தேன். எல்லாம் அதே கதை.

இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, நாங்கள் செய்த ஸ்பிரிங்கே சரியில்லை. சூடு போட்டது பிடிக்காமல் வடிவம் தளர்கிறது. இல்லையென்றால் வளையங்களுக்கு விட்ட இடைவெளி போதவில்லை, மெஷினில் பார்த்த அன்று சரியாக ஓடிவிட்டு, பிறகு ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அண்ணி பக்கத்தில்தான் நின்றிருந்தார். லென்ஸைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

“கொஞ்ச நாளாவே வலது கண்ணு மங்கலா இருக்கு,” என்றார். “நான்தான் சொல்லல.”

மார்ச் 12, வியாழன்

இவர் கையில் இருப்பது எங்கள் முதல் சோதனைக் கடிகாரம். அதே கம்பி, அதே உலை. போன வருஷத்திலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. “என் கைராசி,” என்கிறார்.

அண்ணி சொன்னார்: “அது என் கண்ணு நல்லா இருந்தப்போ வச்சது.”

அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்றேன். சொன்ன வேகத்திலேயே தெரிந்தது, நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று. அவருக்கும் தெரிந்திருக்கும். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் மற்றவர் குரலைக் கேட்டவர்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணி வரவில்லை.

மார்ச் 14, சனி

இன்றும் வரவில்லை. போனில் இவரிடம் “எனக்குப் பதிலா கண்ணு நல்லா இருக்கிற ஆளைப் பாக்கச் சொல்லு” என்றாராம். அண்ணி இல்லாத மாடி பிடிக்கவில்லை. யாரும் யாரையும் திட்டுவதில்லை.

தம்பி ஒரு யோசனையோடு வந்தான். தப்பான யோசனை இல்லை, அதுதான் கஷ்டம். வெளிநாட்டு ஸ்பிரிங் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதை வைத்தால் கண்ணும் வேண்டாம், உலையும் வேண்டாம், சரியாக ஓடும். வெளியீடும் நிற்காது.

“டயல்ல இங்கே செய்ததுன்னு போட்டிருக்கேடா.”

“ஒரே ஒரு ஸ்பிரிங்க்கா. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல!” கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்காகத்தானே அலைகிறான். மன்னிப்புக் கேட்டேன். பிறகு நானே சொன்னேன்: சரி, வரவழை. அந்த இரண்டு சொல்லை டயலிலிருந்து அழிக்க முடியுமா என்று அச்சகக்காரரைக் கேட்கிறேன்.

கேட்டேன். முடியும் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா?

வேறென்ன செய்ய முடியும்? முப்பது கடிகாரத்தையும் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, நான் ரொம்ப யோக்கியம் என்று உட்கார்ந்திருக்கவா?

மார்ச் 15, ஞாயிறு

வேக வேகமாக எழுதுகிறேன். சந்தோஷத்தில்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். வீட்டில் இருக்கும் மௌனத்தைப் போக்க இவர் எதையாவது பேசியாக வேண்டும். பேசினார். “உன் தம்பி பெட்டி இருக்கே, பெட்டி, அதை நான் என் பர் வைக்க எடுத்துக்கிட்டேன்.” பர் என்பது பல்லைச் செதுக்கும் இரும்புமுனை, தீக்குச்சியில் பாதி நீளம் இருக்கும். “ஒண்ணுகூடச் சிதறலை. பெட்டி கவிழ்ந்தாலும் மூடியிலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. ரொம்ப உபயோகமான பெட்டி!”

நான் கையைக் கழுவாமல் எழுந்து கீழே ஓடினேன். “நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?” என்று பின்னாலேயே வந்தார்.

மூடிக்குள் காந்தம்! பார்த்தோமே, எல்லோரும் திறந்து மூடிப் பார்த்தோமே! கொக்கி இல்லாமல் ஒரு பெட்டி வேறெப்படி மூடிக்கொள்ளும்? கடிகாரத்துக்கும் காந்தத்துக்கும் ஆகாது என்று எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறேன். காந்தம் ஏறினால் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும், கடிகாரம் தலைதெறிக்க ஓடும். முதல் பக்கத்துப் பாடம். நானோ உலையைச் சந்தேகப்பட்டேன், கம்பியைச் சந்தேகப்பட்டேன், அண்ணியின் கண்ணைச் சந்தேகப்பட்டேன். எது கெட்டுப்போகுமோ என்று பயந்துகொண்டிருந்தேனோ, அதையே பிடித்துக்கொண்டேன். இவர் கைக்கடிகாரம் ஒழுங்காக ஓடியதற்குக் கைராசி காரணம் இல்லை. அது பெட்டிக்குள் படுத்ததே இல்லை.

பெட்டியையும் ஒரு பர்ரையும் எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மூடியில் பர்ரை வைத்துக் கவிழ்த்துக் காட்டினேன். பர் விழவில்லை. அண்ணி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தப் பொட்டியை வாங்கினது யாரு?”

“தம்பி.”

“என் கண்ணை இத்தனை தடவை கண்ணாடியில பாத்தேன். அவன் மூஞ்சியை ஒரு தடவை பாத்திருக்கலாம்.”

அப்புறம்தான் அழுதார். நானும். மன்னிச்சிடுங்க அண்ணி, நானும் உங்க கண்ணைத்தான் நெனச்சேன் என்றேன். “தெரியும்டி. போய்க் கை கழுவு, சோத்துக் கையோட வந்திருக்கே.”

மார்ச் 16, திங்கள்

காந்தத்தை எடுக்கும் கருவி ‘அஞ்சு நிமிஷம்’ கடையிலேயே இருந்தது. ரிப்பேர் மேசைக்குக் கீழே, தூசி படிந்து. “என் கடையிலயே வச்சுக்கிட்டு எனக்குத் தோணலையே, நான் எல்லாம் ஒரு கடிகாரக்காரன்!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். நமக்குத் துணைக்கு இன்னொரு முட்டாள் கிடைப்பதில் இருக்கும் நிம்மதியே தனி. ஒவ்வொன்றாக அதன் மேல் காட்டி எடுத்தோம். வளையங்கள் பிரிந்து நின்றன. டைமிங் மெஷினில் கோடு நேராகப் போயிற்று. அண்ணி விட்ட இடைவெளி அப்படியே இருக்கிறது, இம்மி பிசகவில்லை.

வெளிநாட்டு ஸ்பிரிங் வேண்டாம் என்று தம்பி சொல்லிவிட்டான். அச்சகக்காரரிடம், அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். “நான் இன்னும் தொடவே இல்லம்மா. நீங்க மறுபடி போன் பண்ணுவீங்கன்னு தெரியும்,” என்றார். அச்சகக்காரருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்.

மார்ச் 20, வெள்ளி

புதுப் பெட்டி: வெறும் அட்டை, இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். “தீப்பெட்டிக்கா இது,” என்று தம்பிக்கு ஒரே துக்கம். பழைய பெட்டிகளை என்ன செய்வது என்று கேட்டான். ஊரிலுள்ள பல் செட்காரர்கள் எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள் என்று இவர் ஆறுதல் சொன்னார். நிஜமாகவே ஏழெட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 28, சனி

வெளியீடு என்று சொன்னால் பெரிதாக இருக்கிறது. கடை வாசலில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு துணி. கடைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். குறித்த நேரத்துக்குத் தயாராகவும் இருந்தார். அதற்கே கை தட்டியிருக்க வேண்டும்.

முதலில் வந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேட்டரி எங்க போடறது?” என்றார். தம்பி விளக்கினான். தினமும் சாவி கொடுக்க வேண்டும் என்றதும் கீழே வைத்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். மறுபடி எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். பிறகு கண்ணைச் சுருக்கி ஆறாம் எண்ணுக்குக் கீழே படித்தார்.

“இங்கேன்னா எங்க?”

அண்ணி முந்திக்கொண்டார்: “இங்கேன்னா இங்கேதான். நீங்க பஸ்ஸைத் திருப்பறீங்களே அந்த முனை, அதுக்கு அடுத்த தெரு. மாடி.”

வாங்கிக்கொண்டார். கையில் கட்டிக்கொண்டே போனார். பொடி எழுத்தை யார் படிப்பார்கள் என்று கேட்ட மனிதர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவரைத் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 6, திங்கள்

கடிகாரம் நின்றுவிட்டது என்று ஒருவர் கோபமாக வீட்டுக்கே வந்தார். சாவி கொடுக்கவில்லை. கொடுத்தோம், ஓடியது. காபி குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 27, திங்கள்

முப்பதும் விற்றுப்போயின. அடுத்த அறுபதுக்குக் கம்பி சுருட்ட ஆரம்பித்துவிட்டேன். உலை மேல் துண்டு போடுவதில்லை.

மே 20, புதன்

வற்புறுத்தி அண்ணியைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். வலது கண்ணில் புரை. “ரொம்ப நாளாவே இருந்திருக்கும், எப்படி சமாளிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார். அப்படியானால் அந்த முப்பதையும் புரைக் கண்ணோடுதான் வைத்திருக்கிறார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை: “கண்ணு கெட்டுத்தான் இருந்திருக்கு அண்ணி. கை தப்பவே இல்லை.”

“ஆமா, தூக்கி வச்சுப் பேசு,” என்றார். ஆனால் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 12, வெள்ளி

அண்ணிக்கு இன்று ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள். என்னை விட இவருக்குத்தான் பயம். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் உலாத்திக்கொண்டிருக்கிறார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு அண்ணியைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு நர்ஸ் வந்தாள். நாடி பார்க்கும் மெஷின் பக்கத்துக் கட்டிலில் மாட்டியிருந்தது. “இருங்கம்மா, கையாலயே பாத்துடறேன்,” என்று அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வெள்ளை டயல். நான் நின்ற இடத்திலிருந்து எழுத்துத் தெரியவில்லை. தெரிய வேண்டியதும் இல்லை. அந்த விநாடி முள்ளை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வேன்.

அண்ணி இடது கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கப் போனார். “பேசாதீங்கம்மா, எண்ணிட்டிருக்கேன்,” என்றாள் நர்ஸ். என் நாத்தனார் வாயை மூடிக்கொண்டார். நர்ஸ் எண்ணி முடித்து, எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

“இந்த வாட்ச் ஒழுங்கா ஓடுதாம்மா?” என்று அண்ணி கேட்டார், யாரோ போல.

“இதா? வாங்கினதுலேருந்து எல்லாருக்கும் இதை வச்சுத்தான் பாக்கறேன். ஏம்மா?”

நான் சொல்லிவிடத் துடித்தேன். அண்ணி என் கையைக் கிள்ளினார். நர்ஸ் மருந்து எடுக்க அந்தப் பக்கம் போனதும், “சும்மா இரு,” என்றார் மெல்ல. “ஆபரேஷனுக்கு வந்திருக்கிற கண்ணு வச்சதுன்னு தெரிஞ்சா, பாவம், பயந்துடுவா.”

சிரித்தார். நான்தான் அழுதுகொண்டிருந்தேன், வழக்கம்போல.

இப்போதுதான் உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அண்ணியின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது அந்த நர்ஸ்தான்.